அம்மாவின் டியூஷன் வருமானம் இதுவரை வரிக்குக் காட்டப்படவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தைப் பிள்ளை

அம்மா 2020இல் அரசாங்கப் பாடசாலை ஆசிரியராக ஓய்வு பெற்றார். அதன் பிறகு வெள்ளவத்தை வீட்டு முன்ஹோலில் கணிதம் படிப்பிக்கிறார். ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஏறக்குறைய 12 பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு மாதம் 2,500 ரூபாய். எல்லாமே காசாகத்தான் வரும். டிசம்பரில் வகுப்பு இல்லை. வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை மாதம் 45,000க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். 24 லட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது, அதன் வட்டி வருடம் 2,40,000 அளவில். இவற்றோடு ஓய்வூதியமும் வருகிறது.

இதில் ஒரு சதம்கூட உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் காட்டியதில்லை. பொய்யான விபரத்திரட்டு (வருடாந்த வருமான வரி அறிக்கை) எதுவும் கொடுக்கவில்லை, ஒன்றுமே கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. டின் இலக்கம் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்) பற்றிய பேச்சு எழுந்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சரியான நித்திரை இல்லை. "பிடித்துக்கொண்டு போவார்களா, வீட்டை எடுத்துவிடுவார்களா" என்று கேட்கிறார். அதே நேரம் திணைக்களத்துக்குப் போவோம் என்றால் மறுக்கிறார்.

எத்தனை வருடம் பின்னுக்குப் போக வேண்டும்? மொத்தம் எவ்வளவு வரும்? கணக்காளரிடம் போவதா, சட்டத்தரணியிடமா? இந்த 2026 ஜனவரி முடியுமுன் ஒரு வழிக்குக் கொண்டுவர நினைக்கிறேன். தெரிந்தவர்கள் எண்ணிக்கையோடு சொன்னால் அம்மாவிடம் தாளில் எழுதிக் காட்டலாம்.

---

ஐந்தொகை

முதலில் ஓய்வூதியத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அரசாங்க ஓய்வூதியத்துக்கு வருமான வரி கிடையாது. பல வீடுகளில் ஓய்வூதியத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

அடுத்தது வருடங்கள். நமது மதிப்பாண்டு, அதாவது வரி கணக்கிடும் ஆண்டு, ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 வரை. 2020 ஜனவரியிலிருந்து 2022 டிசம்பர் வரை ஒருவருக்கு வருடத்துக்கு 30 லட்சம் வரி விலக்கு இருந்தது. அம்மாவின் வருமானம் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால் 2020/21க்கும் 2021/22க்கும் வரி இல்லை. செலுத்த வரி இல்லாத ஆண்டுக்குத் திணைக்களம் கேட்டு எழுதினாலொழிய விபரத்திரட்டும் தேவையில்லை. பிரச்சினை தொடங்குவது 2023 ஜனவரி 1இல். அன்றுதான் விலக்கு 30 லட்சத்திலிருந்து 12 லட்சமாக இறங்கியது. 2025 ஏப்ரல் 1இலிருந்து அது 18 லட்சம். ஆக நீங்கள் சீர்செய்ய வேண்டியது 2022/23இன் கடைசி மூன்று மாதம், 2023/24 முழுவதும், 2024/25 முழுவதும். நடப்பு ஆண்டு 2025/26க்கு விபரத்திரட்டுக் கொடுக்க 2026 நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது.

2023/24ஐ நீங்கள் தந்த எண்களில் போட்டுப் பார்ப்போம். ஐந்து பிரிவு × 12 பிள்ளைகள் × 2,500 என்றால் மாதம் 1,50,000. பதினொரு மாதத்துக்கு 16,50,000. இதில் ஃபோட்டோ கொப்பி, வினாத்தாள் அச்சு, மார்க்கர், வகுப்பு நேரத்து மின்சாரத்தின் நியாயமான பங்கு ஆகியவற்றைக் கழிக்கலாம். உதாரணத்துக்கு 1,80,000 என்று வைக்கிறேன், உண்மை எண்ணை நீங்கள்தான் போட வேண்டும். மிச்சம் 14,70,000. வாங்கு, மேசை, பிரின்டர் போன்றவற்றை வாங்கிய வருடத்திலேயே முழுதாகக் கழிக்க முடியாது, வருடங்களுக்குப் பிரித்துத்தான் கழிபடும். வீட்டுச் சாமான், அம்மாவின் மருந்து எல்லாம் இதில் சேராது.

அனெக்ஸ் வாடகை 5,40,000. இதில் திருத்த வேலை, பராமரிப்பு, தேய்மானத்துக்காக 25 வீதம், அதாவது 1,35,000 நிவாரணமாகக் கழியும். இந்த 25 வீதத்தை எடுத்தால் அதே அனெக்ஸுக்குப் பெயின்ட் அடித்த பில்லைத் திரும்பவும் கழிக்க முடியாது.

வட்டி 2,40,000. வங்கி 5 வீதம், 12,000 ரூபாய் முற்பண வருமான வரியாக ஏற்கனவே பிடித்திருக்கும். அது அம்மா கட்டிய வரிதான், கடைசியில் கழியும்.

கூட்டினால் 22,50,000. விலக்கு 12,00,000உம் வாடகை நிவாரணம் 1,35,000உம் போக 9,15,000க்கு வரி. முதல் 5 லட்சத்துக்கு 6 வீதம் 30,000. மிச்சம் 4,15,000க்கு 12 வீதம் 49,800. மொத்தம் 79,800. வங்கி பிடித்த 12,000 போக 67,800.

2024/25க்கும் அதே விலக்கு, அதே வீதம், ஆகவே எண்கள் மாறாவிட்டால் இன்னொரு 67,800. 2022/23இன் கடைசி மூன்று மாதத்துக்கு விலக்கு 3 லட்சம், முழு வருடத்தில் 5 லட்சமாக இருக்கும் வரிப் படி ஒவ்வொன்றும் 1,25,000. மேலே உள்ள தொகைகளில் நான்கில் ஒன்றை எடுத்தால் ஏறக்குறைய 16,950 வரும். மூன்றையும் சேர்த்தால் 1,52,550.

ஆனால் இதைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுக்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அனெக்ஸின் உறுதி (சொத்துப் பத்திரம்) யார் பெயரில்? வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து யாருடையது? வைப்பு அம்மாவின் தனிப் பெயரிலா, கூட்டாகவா? வருமானம் யாருடையது என்பது பணம் யார் கையில் வாங்குகிறார் என்பதை வைத்துத் தீர்வதில்லை.

---

வெள்ளவத்தைப் பிள்ளை

உறுதி அப்பா பெயரில். ஒப்பந்தத்திலும் அப்பாதான் கையெழுத்து. அப்பாவுக்கு வேறு வருமானம் இல்லை. மாதாமாதம் வாடகையை வாங்கிக் கொப்பியில் எழுதுவது மட்டும் அம்மா. வைப்பு அம்மாவின் தனிப் பெயரில்.

---

ஐந்தொகை

அப்படியானால் வாடகை அப்பாவின் வருமானம். வருடம் 5,40,000, விலக்குக்கு மிகவும் கீழே, அவருக்கு வரி இல்லை. அம்மாவின் கணக்கிலிருந்து வாடகை முழுதாக வெளியே போகிறது. இது ஏற்கனவே இருக்கும் உரிமையை உள்ளபடி எழுதுவது, அதனால் தைரியமாக எழுதலாம். உறுதி அம்மா பெயரில் இருந்திருந்தால் இப்போது அவசரமாக அப்பா பெயருக்கு மாற்றிப் பழைய வருடங்களை நேராக்க முடியாது. சிலர் அந்த வேலையைப் பார்க்கிறார்கள். உறுதியின் தேதியே காட்டிக்கொடுத்துவிடும்.

திருத்திய கணக்கு: 2023/24இல் 14,70,000 + 2,40,000 = 17,10,000. விலக்குப் போக 5,10,000. முதல் 5 லட்சத்துக்கு 30,000, மிச்சம் 10,000க்கு 1,200. 31,200இல் வங்கி பிடித்த 12,000 போக 19,200. 2024/25க்கும் 19,200. 2022/23இன் மூன்று மாதத்துக்கு 4,27,500இல் 3 லட்சம் போக 1,27,500, அதன் வரி 7,800, வங்கி பிடித்த 3,000 போக 4,800.

மூன்று வருடமும் சேர்ந்து 43,200 ரூபாய். அம்மா நித்திரை இல்லாமல் கிடப்பது இந்தத் தொகைக்காக.

---

கொம்பனித்தெருக்காரர்

மேலே உள்ள கணக்குச் சரி. ஆனால் 43,200ஐ மட்டும் சொல்லி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிறகு தண்டப்பணக் கடிதம் வந்தால் உங்களை நம்பமாட்டார். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் பிந்திச் செலுத்துவதும் பிந்தி விபரத்திரட்டுக் கொடுப்பதும் இரண்டு தனித்தனிக் குற்றங்கள். செலுத்தாத வரிக்கு 20 வீதம் தண்டம், அதற்கு மேல் மாதம் 1.5 வீத வட்டி. ஒரு மதிப்பாண்டின் இறுதிக் கொடுப்பனவு அடுத்து வரும் செப்டெம்பர் 30. 2023/24க்கான 19,200ஐ 2024 செப்டெம்பர் 30இல் கட்டியிருக்க வேண்டும். இந்த ஜனவரியில் கட்டினால் தண்டம் 3,840, வட்டி சுமார் 5,000 வரை. காலாண்டுத் தவணைகளைக் கட்டாததற்கும் கொஞ்சம் சேரும். தாங்கக்கூடிய தொகைதான்.

பாரம் இருப்பது மற்றதில். விபரத்திரட்டைப் பிந்திக் கொடுத்தால் இரண்டு கணக்குப் போட்டு எது பெரிதோ அதை எடுப்பார்கள். ஒன்று, வரியில் 5 வீதமும் மாதத்துக்கு 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாயும் ஒவ்வொரு மாதத்துக்கும் (மாதத்தின் ஒரு பகுதியானாலும்) 10,000 ரூபாயும். உச்சம் 4 லட்சம். சிறிய வரிக்காரருக்கு இரண்டாவதுதான் எப்போதும் பெரிதாக வரும். ஜனவரிக்குள் கொடுத்தால், 2024/25க்கு இரண்டு மாதம், 70,000. 2023/24க்கு பதினான்கு மாதம், 1,90,000. 2022/23க்கு இருபத்தாறு மாதம், 3,10,000. சட்டத்தின் எழுத்துப்படி மொத்தம் 5,70,000. வரியோ 43,200.

இந்த எண் பயமுறுத்தும், ஆனால் மறைக்கக் கூடாது. இரண்டு காரணத்துக்காகச் சொல்கிறேன். முதலாவது, ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மூன்று விபரத்திரட்டுக்கும் சேர்த்து 30,000 ஏறுகிறது. "சித்திரை வருடப்பிறப்பு முடியட்டும்" என்றால் அதற்கே ஒரு லட்சத்துக்குக் கிட்டப் போய்விடும். இரண்டாவது, தண்டத்தைக் குறைக்கும்படி, விலக்கும்படி ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். யாரும் தேடி வருமுன் தானாக வந்தவர், வரியை முழுவதும் கட்டிவிட்டவர், கணக்கைத் திறந்து வைத்தவர் என்பவை அந்தக் கடிதத்துக்கு எலும்பு. கேள்விக் கடிதம் வந்த பிறகு போகிறவரால் இவற்றில் முதலாவதைச் சொல்லவே முடியாது. தீர்மானம் திணைக்களத்தின் கையில், வாக்குறுதி யாரும் தர முடியாது. "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறார், தண்டமில்லாமல் முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவர் வந்தால் கதவைச் சாத்துங்கள்.

2021இல் நிதிச் சட்டத்தின் கீழ் 1 வீதம் கட்டி வெளிப்படுத்தும் வாய்ப்பு ஒன்று இருந்தது. இப்போதும் அது இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. முடிந்துபோனது.

சிறை பற்றி: வேண்டுமென்றே வரி ஏய்த்ததாக வழக்குப் போட்டு நிரூபித்தால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம், இரண்டு வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. தானாக முன்வந்து வரியைக் கட்டுகிற ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு இது குறி இல்லை. ஆனால் இதே அம்மா இப்போது 60 பிள்ளைகளை 30 என்று எழுதிக் கொடுத்தால் நிலைமை மாறும். பொய்யான கூற்றால் வரி குறைந்தால் குறைந்த தொகையின் 25 வீதம் தண்டம். அப்படிக் குறைந்த தொகை மொத்த வரியின் கால் பங்குக்கு மேல் என்றால் 75 வீதம். அதோடு விபரத்திரட்டுக் கொடுத்ததிலிருந்து 30 மாதம் கடந்தால் சாதாரணமாக மறு மதிப்பீடு செய்ய முடியாது. மோசடி என்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. பிந்திய உண்மையை விட நேரத்துக்கு வந்த பொய்க்கு விலை கூட.

கணக்காளரா, சட்டத்தரணியா என்றால், உங்கள் விஷயத்தில் கணக்காளர் போதும். முன்பு பொய்யாக விபரத்திரட்டுக் கொடுத்திருந்தாலோ, கணக்குக் கொப்பிகளை அழித்திருந்தாலோ, திணைக்களம் ஏற்கனவே விசாரணை தொடங்கியிருந்தாலோ முதலில் சட்டத்தரணி. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சட்டத்தரணியிடம் சொன்னதற்குக் காப்புத் தருகிறது. கணக்காளருக்கு அந்தக் காப்பு இல்லை.

---

வெள்ளவத்தைப் பிள்ளை

5,70,000ஐப் பார்த்ததும் எனக்கே தலை சுற்றியது. ஆனாலும் சொன்னதற்கு நன்றி. இரண்டு சிக்கல். பிள்ளைகள் தந்த மாதச் சம்பளத்தை எழுதிய 2023ஆம் ஆண்டுக் கொப்பி இல்லை, அம்மா வருட முடிவில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார். மற்றது வங்கிப் புத்தகத்தில் கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய 4 லட்சமும், சீட்டு எடுத்த 5 லட்சமும் இருக்கிறது. மிச்சம் 15 லட்சம் ஓய்வு பெறும்போது கிடைத்த பணிக்கொடை. இதெல்லாம் வருமானம் என்று பிடிப்பார்களா?

---

நாட்குறிப்பு

வங்கியில் விழுந்த பணம் எல்லாம் வருமானம் இல்லை. ஆனால் எது எது என்று காட்ட வேண்டியது உங்கள் பக்கம். விபரத்திரட்டோடு சொத்துக்கள், கடன்கள் பற்றிய கூற்றும் போகிறது. அதில் 24 லட்சம் வைப்பு என்று எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இயல்பாக வரும். அதனால் விபரத்திரட்டைத் தொடுமுன் இந்த வேலையை முடியுங்கள்.

வங்கியில் 2020இலிருந்து கணக்குக் கூற்று எடுங்கள். பாஸ்புக் வேண்டாம், கிளையில் கேட்டு முத்திரையோடு அச்சடித்த கூற்று. நான்கு நிறப் பேனையை எடுத்து வரவு ஒவ்வொன்றையும் குறியுங்கள்: டியூஷன், வட்டி, ஓய்வூதியம், மற்றவை. "மற்றவை" என்ற நிறத்துக்குப் பக்கத்தில் ஆதாரம் ஒன்று இருக்க வேண்டும். சித்தி அனுப்பியதற்குப் பணம் வந்த தேதியோடு வங்கிப் பற்றுச்சீட்டு, அனுப்பியவர் பெயர். பணிக்கொடைக்கு ஓய்வூதியத் திணைக்களத்தின் கடிதம். சீட்டு என்பது அம்மா மாதாமாதம் போட்ட சொந்தக் காசு திரும்பி வந்தது. சீட்டுக் கொப்பியையோ சீட்டுப் பிடித்தவரின் எழுத்தையோ வாங்கி வையுங்கள். போட்டதை விடக் கூடுதலாக எடுத்திருந்தால் அந்த வித்தியாசத்தைத் தனியாக எழுதிக் கணக்காளரிடம் காட்டுங்கள். நகை அடகு வைத்து எடுத்த காசு, மீட்கக் கட்டிய காசு இரண்டும் பெரும்பாலும் கூற்றில் கிடக்கும், அடகுச் சீட்டுப் போதும்.

இங்கே ஒரு சறுக்கல் அடிக்கடி நடக்கும். டியூஷன் காசை "சித்தி அனுப்பியது" என்று எழுதினால் என்ன என்று யாராவது ஒரு மாமா யோசனை சொல்வார். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கியில் தடம் இருக்கும், வராத பணத்துக்குத் தடம் இருக்காது. உண்மையாக வந்த 4 லட்சத்தையும் சேர்த்துச் சந்தேகப்பட வைக்கும் வேலை அது.

கொப்பி இல்லாத 2023க்கு: காசு முழுவதும் வங்கிக்குப் போயிராது, வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கு நேரே போயிருக்கும். ஆகவே வைப்புச் செய்ததை மட்டும் கூட்டினால் வருமானம் குறைந்து தெரியும். பிள்ளைகளின் எண்ணிக்கையிலிருந்து கட்டுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கும், யார் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று அதிலேயே கிடக்கும். மாதம் ஒன்றுக்கு ஒரு வரி: பிரிவு, பிள்ளைகள், அந்த மாதச் சம்பளம், இலவசமாகப் படித்தவர்கள், தராமல் போனவர்கள். சம்பளம் முன்பு குறைவாக இருந்திருந்தால் எப்போது 2,500 ஆனது என்பதை மறக்காதீர்கள், பலர் இன்றைய சம்பளத்தையே பழைய வருடத்துக்கும் போட்டுத் தேவையில்லாத வரி கட்டுகிறார்கள். ஓ.எல்., ஏ.எல். பரீட்சைக்கு முன் நடந்த விசேட வகுப்புகளின் காசையும் சேருங்கள், அது விடுபட்டால்தான் கணக்கு உடையும். ஃபோட்டோ கொப்பிக் கடைக்காரர் பழைய பில் புத்தகம் வைத்திருந்தால் இன்னும் நல்லது. எத்தனை வினாத்தாள் அடித்தீர்கள் என்பது பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் சாட்சி.

முடிவில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள்: இந்த வருடத்துக்கு மூலக் கொப்பி இல்லை, இந்த இந்த வழியில் மதிப்பிட்டோம், சந்தேகம் வந்த இடத்தில் கூடிய தொகையை எடுத்தோம். தேதி போட்டு அம்மா கையெழுத்திட வேண்டும். இன்றிலிருந்து கொப்பி எதுவும் பழைய பேப்பருக்குப் போகக் கூடாது, சட்டப்படி ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும்.

அம்மா வெளியே ஏதாவது நிறுவனத்திலும் படிப்பிக்கிறாரா? அப்படியானால் அந்த நிறுவனம் மாதம் 1 லட்சத்துக்கு மேல் கொடுத்திருந்தால் 5 வீதம் பிடித்திருக்க வேண்டும், அம்மாவின் பெயரும் திணைக்களத்துக்குப் போயிருக்கும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் விபரத்திரட்டுப் போடாதீர்கள்.

---

கொம்பனித்தெருக்காரர்

நடைமுறை பற்றிக் கொஞ்சம். அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்துக்கு ஏற்கனவே டின் இருக்கிறதா என்று திணைக்களத்தின் இணையத்தளத்தில் முதலில் பாருங்கள். இருப்பது தெரியாமல் இரண்டாவது முறை விண்ணப்பித்து மாதக்கணக்கில் அலைபவர்கள் நிறைய. டின் கிடைப்பதும் வருமான வரிக்குப் பதிவாவதும் ஒன்றல்ல. டின் வெறும் ஒன்பது இலக்கம். வருமான வரி வகையைத் தனியாகத் திறக்க வேண்டும், அப்போது கடமை தொடங்கும் தேதியைச் சரியாகக் கொடுக்க வேண்டும். பதிவு செய்யும் நாளையே போட்டால் பழைய வருடங்களுக்கான விபரத்திரட்டு ராமிஸ் (திணைக்களத்தின் இணைய வரி முறைமை) கணக்கில் திறக்காது. 2022/23ஐ உள்ளடக்கும்படி கேளுங்கள். இணையத்தில் அது சரிவரவில்லை என்றால் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள தலைமையகத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகுமுன் திணைக்களத்தின் 1944 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து எந்தப் பிரிவு, எந்த மாடி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூத்தவர்களை மாடி மாடியாக அலைய வைத்தால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

விபரத்திரட்டு ஆயத்தமாகும் வரை வரிப் பணத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். டின்னும் வரி வகையும் கிடைத்தவுடன் 43,200ஐ வருடவாரியாகப் பிரித்து இணையவழிக் கொடுப்பனவில் கட்டிவிடுங்கள், வட்டி அன்றோடு நிற்கும். ஒவ்வொரு கொடுப்பனவிலும் எந்த ஆண்டுக்கான பணம் என்பதைக் காட்டும் காலக் குறியீட்டைப் பார்த்துப் போடுங்கள். தவறினால் பணம் வேறு வருடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதை மாற்ற இன்னொரு கடிதம். முழுதும் ஒரேயடியாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்டு எழுதலாம். உங்கள் தொகைக்கு அது தேவைப்படாது.

தண்டக் குறைப்புக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஒரு பக்கம் போதும். எந்த வருடங்கள், எவ்வளவு வரி, எந்தத் தேதியில் கட்டப்பட்டது, ஏன் பிந்தியது, என்ன கேட்கிறீர்கள். காரணத்தில் நாடகம் வேண்டாம். விலக்கு 30 லட்சமாக இருந்த காலத்தில் வரி இல்லாதிருந்ததும், 12 லட்சமாக இறங்கியபோது அம்மா அதை அறியாமல் இருந்ததும் உண்மையென்றால் அதை அப்படியே எழுதுங்கள். உண்மையில்லை என்றால் எழுதாதீர்கள். கொடுப்பனவுப் பற்றுச்சீட்டுகளை இணைத்து, பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விபரத்திரட்டில் உள்ள பிரகடனம் அம்மாவுடையது. அவருக்குத் தெரியாமல் அவரது இரகசிய இலக்கத்தைக் கொண்டு நீங்கள் போட்டுவிட்டால், நல்ல மனதோடு செய்தாலும் அது சரியில்லை. நாளை ஒரு அதிகாரி கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நீங்கள் பிரதிநிதியாகப் பேசுவதென்றால் எழுத்தில் அதிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

நாட்குறிப்பு

அம்மா மறுக்கிறார் என்றீர்கள். வரியில் இருந்து தொடங்காமல் கொப்பியில் இருந்து தொடங்குங்கள். கணித ஆசிரியை, பிள்ளைகளின் பட்டியலை நினைவிலிருந்து எழுதச் சொன்னால் ஒரு பின்னேரத்தில் எழுதிவிடுவார். தன் கையால் போட்ட கணக்கில் 43,200 என்று வரும்போது வீட்டை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் தானாக இறங்கும். அப்பாவையும் அதே மேசையில் உட்கார வையுங்கள், வாடகை அவருடையது என்பதை அவரே சொல்ல வேண்டும். தண்டத்தின் எண்ணைச் சொல்லும்போது அதன் பக்கத்திலேயே குறைப்பு விண்ணப்பத்தின் வரைவை வையுங்கள்.

---

ஐந்தொகை

நடப்பு ஆண்டின் வரி எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் அம்மாவுக்குச் சொல்ல நல்ல செய்தி. 2025/26இல் விலக்கு 18 லட்சம். அம்மாவின் 17,10,000 அதற்குள் அடங்குகிறது, வரி இல்லை. ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து வங்கி வட்டியில் 5க்குப் பதிலாக 10 வீதம் பிடிக்கிறது, வருடத்துக்கு 24,000. அம்மா கட்டத் தேவையில்லாத பணம் அது. விபரத்திரட்டுக் கொடுத்து மீளப்பெறக் கேட்கலாம். வருடத்துக்கு 18 லட்சத்துக்கு மேல் வருமானம் வராதவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் இனிப் பிடிக்கமாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

கவனம், 18 லட்சத்துக்கு இடைவெளி 90,000தான். இன்னொரு பிரிவு தொடங்கினாலோ சம்பளத்தை 3,000 ஆக்கினாலோ தாண்டிவிடும். தாண்டும் என்று தெரிந்தால் பிரகடனம் கொடுக்கக் கூடாது. அப்படித் தாண்டினாலும் முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம்தான். உதாரணமாக 20 லட்சம் வந்தால் வரி 12,000, வங்கி பிடித்த 24,000 அதை மூடிவிடும்.

வங்கி பிடித்தது போதாமல் கையிலிருந்தும் கட்ட வேண்டி வரும் வருடம் வந்தால் தவணை நாட்கள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. கணக்கு முடிப்பது செப்டெம்பர் 30. விபரத்திரட்டு நவம்பர் 30. இந்த ஆறு தேதியையும் அம்மா பிள்ளைகளின் சம்பளம் எழுதும் கொப்பியின் முதல் பக்கத்தில் அவரையே எழுத வையுங்கள்.